புயலுக்கு 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர்... யார் இந்த ஹென்றி பிடிங்டன்?

2020 டிசம்பர் 3. முந்தைய நாள் இரவு திரிகோணமலை பக்கம் கரையேறிய புரெவி புயல், இலங்கையைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்துவிட்டது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்பது கணிப்பு. ராமநாதபுரம், புதுக்கோட்டை கடற்கரை முழுக்க அலர்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியைத் தாண்டி வரும் மீமிசலும் அதில் ஒன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையைத் தாண்டி இதே பக்கம் வந்ததுதான் என்பதால், இந்தக் கரைக்குப் பதற்றம் கொஞ்சம் கூடுதல்.

வெதர் ஆர்வலர்கள் அன்று தூங்கியிருக்க வாய்ப்பில்லை. சாட்டிலைட் படம், ரேடார் படம், காற்றின் வரைபடம் என்று மாற்றி மாற்றி ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் புரெவி கரையைக் கடக்கவே இல்லை. ராமநாதபுரம் கடற்கரைக்குப் பக்கத்தில் வந்து, ஆணி அடித்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது என்று அறிவிப்பு வந்தது. அப்பாடா என்று பலர் போனைக் கீழே வைத்தார்கள். இவ்வளவுதானா என்று ஏமாந்தவர்களும் உண்டு. வெதர் பார்ப்பவர்களுக்கு இது ஒரு வியாதி!

மறுநாள் காலை மழை அளவு வந்தது. கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. புயல் நின்ற இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி! நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. டெல்டாவில் பயிர்கள் மூழ்கின.

வலுவிழந்த புயல் எப்படி இவ்வளவு செய்தது? இந்தக் கேள்விக்கான பாதி பதிலை, சாட்டிலைட்டும் ரேடாரும் இல்லாத காலத்தில், கொல்கத்தாவில் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லையும் அவர்தான் உருவாக்கினார். பெயர் ஹென்றி பிடிங்டன். அவரும் வானிலை விஞ்ஞானி இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், ஒரு வெதர் ஆர்வலர்.

கப்பலில் இருந்து கரைக்கு

1797 ஜனவரி 7-ம் தேதி இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள அக்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார் பிடிங்டன். வணிகக் கப்பல்களில் சேர்ந்து, இந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் ஓடினார். கப்பல் தலைவராகவும் இருந்தார். பிறகு கடலை விட்டு வங்காளத்தில் குடியேறிவிட்டார்.

கரைக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. இந்தியத் தாவரங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை 1832-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். மண் ஆராய்ச்சி, கனிம ஆராய்ச்சி என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். கால்டரைட் என்ற கனிமத்துக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். கொல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டியில் பொறுப்பு, பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தில் காப்பாளர் வேலை, கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் தலைவர் பதவி. இந்தக் கடைசி வேலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பல் எந்தக் காற்றில் எப்படி மூழ்கியது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வதே அதில் வேலை.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு புத்தகம். வில்லியம் ரீட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர், 1831-ல் பெரும் புயல் அடித்த பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொடங்கிய ஆர்வத்தில், பழைய புயல்களின் பதிவுகளைத் தேடி எடுத்து 1838-ல் ஒரு நூல் வெளியிட்டார். புயல் என்பது நேராக அடிக்கும் காற்று இல்லை, அது சுற்றுகிறது என்பதே அதன் சாரம். இதை ரீடுக்கு முன்பே சொன்னவர் அமெரிக்காவின் வில்லியம் ரெட்ஃபீல்டு. குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். 1821-ல் ஒரு புயலுக்குப் பிறகு நடந்து போனபோது, ஓர் ஊரில் மரங்கள் ஒரு பக்கமாகவும், சில பத்து மைல் தள்ளி நேர் எதிர்ப் பக்கமாகவும் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார். காற்று சுற்றினால் மட்டுமே அப்படி விழ முடியும். விழுந்து கிடந்த தென்னைகளைக் கஜாவுக்குப் பிறகு பார்த்தவர்களுக்கு இது ஒரு நொடியில் புரியும்.

சேணத் தொழிலாளி, ராணுவப் பொறியாளர், முன்னாள் மாலுமி. புயல் அறிவியலைத் தொடங்கி வைத்தவர்கள் மூவரும் வேறு வேலை பார்த்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

டேட்டா எங்கிருந்து வந்தது?

1839 ஜூன் 3 முதல் 5 வரை வங்காள விரிகுடாவில் ஒரு புயல் அடித்தது. ரீடின் புத்தகம் தந்த சூட்டில் இருந்த பிடிங்டன், அந்தப் புயலைக் கையில் எடுத்தார். அப்போது இந்தியாவில் தந்தி கிடையாது. புயல் போன பிறகுதான் செய்தியே வரும், அதுவும் கடிதத்தில். கடலுக்கு நடுவே புயல் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால், புயலுக்குள் மாட்டிக்கொண்ட கப்பல்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நாள் குறிப்பேடு இருந்தது. எத்தனை மணிக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது, கப்பல் எங்கே இருந்தது என்று அதில் எழுதுவார்கள். கொல்கத்தா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த கப்பல்களிடம் அந்தக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினார் பிடிங்டன். துறைமுக அதிகாரிகள், கரையோரம் இருந்தவர்கள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்.

வந்ததை எல்லாம் ஒரு வரைபடத்தில் போட்டார். இந்த நேரத்தில் இந்தக் கப்பல் இங்கே, காற்று இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. பத்துக் கப்பலின் அம்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். வட்டத்தின் நடுப்புள்ளிதான் புயலின் மையம். அடுத்த நாளுக்கு இன்னொரு வட்டம். புள்ளிகளை இணைத்தால் புயல் நடந்து போன பாதை. இன்று செய்தி சேனல்களில் சிவப்புக் கோடாகக் காட்டுகிறார்களே, அதையேதான் அவர் மையும் பேனாவும் வைத்து, மாதக்கணக்கில் உழைத்து வரைந்தார்.

முதல் ஆய்வறிக்கை ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுத்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. இறக்கும்வரை நிற்கவே இல்லை. இந்திய, சீனக் கடல்களின் புயல்களைப் பற்றி மட்டும் 20-க்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகள். தமிழகக் கரையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1842 அக்டோபர், நவம்பரில் சென்னைப் பக்கமும் அரபிக்கடலிலும் அடித்த புயல்களுக்கு என்றே ஒரு ஆராய்ச்சி செய்தார்.

இதில் சுவாரசியமான ஒன்று, சார்லஸ் ஹெடில் என்ற கப்பலின் கதை. 1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் அருகே புயலில் சிக்கிய இந்தக் கப்பல், வேறு வழியில்லாமல் காற்று தள்ளிய பக்கமே ஓடியது. ஐந்து நாட்கள். அதன் குறிப்பேடு பிடிங்டன் கைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கப்பல் ஓடிய தூரம் 1,300 மைலுக்கு மேல். ஆனால் கிளம்பிய இடத்திலிருந்து நகர்ந்திருந்தது சுமார் 350 மைல்தான். ராட்டினத்தில் ஏறியதுபோல, புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றி வந்திருந்தது! புயல் சுற்றுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

'சைக்ளோன்' பிறந்த கதை

அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் புயலுக்கு ஏகப்பட்ட பெயர்கள். ஹரிக்கேன், டைஃபூன், டெம்பெஸ்ட், கேல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சும்மா பலமாக அடிக்கும் நேர்காற்றுக்கும், சுழன்று வரும் காற்றுக்கும் பெயரில் வித்தியாசமே இல்லை. ஆனால் கப்பல் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. நேர்காற்றென்றால் தாக்குப்பிடித்து நிற்கலாம். சுழல்காற்றென்றால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து, தப்பிக்கவும் செய்யலாம், நேராக மையத்துக்குள்ளேயே போய் விழவும் செய்யலாம்.

அதனால் கிரேக்க மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார். வட்டம் என்ற பொருளும், பாம்பு சுருண்டு கிடப்பது என்ற பொருளும் கொண்ட வேரிலிருந்து 'சைக்ளோன்' வந்தது. 1848-ல் வெளியான அவருடைய 'தி செய்லர்ஸ் ஹார்ன்-புக்' என்ற நூல் அதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. (தமிழில் நிலைமை இன்னும் வேடிக்கை. சங்க இலக்கியத்தில் 'புயல்' என்றால் மேகம், மழை. சுழற்சியைச் சொல்லும் சொல் 'சூறாவளி'. இலங்கைத் தமிழர்கள் இன்றும் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.)

அந்தப் புத்தகத்தின் உறையில் இரண்டு அட்டைகள் இருந்தன. கொம்பைச் சீவிச் செய்த, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் தகடுகள். ஒன்று வட அரைக்கோளத்துக்கு, மற்றொன்று தென் அரைக்கோளத்துக்கு. அதில் வட்டங்களும் காற்றின் திசைகளும் அச்சாகியிருக்கும். கப்பல் தலைவர் தன் கடல் வரைபடத்தின் மேல் அதை வைத்து, இப்போது அடிக்கும் காற்றின் திசையைப் பொருத்தினால், புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சுருக்கமாக, 1848-ன் வெதர் ஆப். இன்டர்நெட் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

பெரிய படிப்பு இல்லாத மாலுமிகளுக்கும் புரிய வேண்டும் என்று, 1852-ல் உரையாடல் வடிவில் இன்னொரு புத்தகம் எழுதினார். அறிவியலை எளிமையாகச் சொல்வது கௌரவக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

தவறும் இருந்தது. அவர் அட்டையில் புயல் கச்சிதமான வட்டம். நிஜத்தில் காற்று மையத்தை நோக்கி உள்ளே வளைந்து போகும். மொரிஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம் போன்றவர்கள் பிறகு இதைத் திருத்தினார்கள்.

மீமிசலில் அந்த அட்டையை வைத்தால்?

வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். காற்றைப் பார்த்து நின்றால், மையம் ஏறக்குறைய உங்கள் வலது கைப் பக்கம். இதை மட்டும் வைத்துக்கொண்டு மீமிசல் கடற்கரைக்குப் போகலாம். ஊருக்குக் கிழக்கே பாக் விரிகுடா.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மீமிசலுக்கு அது வடக்குப் பக்கம். கணக்குப்படி மீமிசலில் காற்று வடக்கிலிருந்து தொடங்கி, மேற்குக்கு மாறி, தெற்கில் முடிய வேண்டும். மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவது. அது மரத்தைச் சாய்க்கும், கூரையைப் பிய்க்கும். ஆனால் கடல் தண்ணீரைக் கரையிலிருந்து வெளியேதான் தள்ளும்.

புரெவியில் கதை தலைகீழ். மையம் மீமிசலுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில். காற்று வடகிழக்கில் தொடங்கி கிழக்குக்குத் திரும்பும். அதாவது கடலிலிருந்து நேராகக் கரைக்கு. பாக் விரிகுடாவோ 15 மீட்டர்கூட ஆழமில்லாத கடல். ஆழம் குறைந்த இடத்தில் காற்று தள்ளும் தண்ணீருக்குக் கீழே போக வழி இல்லை. மேலேதான் ஏறும். கஜாவைவிட ரொம்பவே பலவீனமான ஒரு புயலுக்கு, இந்த ஒரு ஊர் பயப்பட வேண்டிய காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அது புயல். அதற்குக் கீழே 50 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 'வலுவிழந்தது' என்ற அறிவிப்பு காற்றைப் பற்றியது மட்டுமே. மழைக்கும் கடல் மட்டத்துக்கும் அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரே இடத்தில் நிற்கும் பலவீனமான மண்டலம், ஓடிப் போகும் பலமான புயலைவிட அதிக மழையைக் கொட்டலாம். புரெவி செய்தது அதைத்தான்.

பிடிங்டனுக்கு மழையைக் கணக்கிட வழி இருக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

காற்றை விட்டுவிட்டு அலையைப் பார்த்தவர்

பழைய பதிவுகளைத் தோண்டியபோது கோரிங்கா என்ற ஊரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இன்றைய ஆந்திராவில், காக்கிநாடா பக்கம் கோதாவரி கடலில் சேரும் இடத்தில் இருந்த துறைமுகம். 1789 டிசம்பரில் புயலோடு மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்து ஊரை விழுங்கின. சுமார் 20,000 பேர் இறந்ததாகக் கணக்கு. 1839 நவம்பரில் மறுபடியும் ஒரு புயல், அதே கோரிங்காவில். அந்தத் துறைமுகம் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

புயலில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் காற்று இல்லை, அது கூட்டிக்கொண்டு வரும் கடல்தான் என்பது பிடிங்டனுக்கு உறுதியானது. தாழ்வான, ஆழம் குறைந்த கரைதான் ஆபத்து என்றும் அவர் கண்டார். அப்படிப்பட்ட கரைகளில் முதன்மையானது அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது: சுந்தரவனம்.

அப்போது ஹூக்ளி ஆறு மண் மேடிட்டு வருகிறது, கொல்கத்தா துறைமுகம் ஒருநாள் பயனில்லாமல் போகும் என்ற பயம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. அதனால் தெற்கே, சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டலாம் என்று பேச்சு கிளம்பியது. ஆறு ஆழமானது, அகலமானது. முதலீட்டாளர்களுக்கு ஆசை காட்ட அது போதும்.

1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு பகிரங்கக் கடிதம் எழுதினார் பிடிங்டன். அதைச் சிறு நூலாகவும் அச்சிட்டார். வங்கக் கடல் புயல்களின் அலை சுந்தரவனத்தில் என்ன செய்யும் என்பதே முழுக்க முழுக்க விஷயம். அந்த இடத்தில் ஊர் கட்டினால், கட்டியவர்கள் ஒருநாள் உப்புத் தண்ணீருக்கு நடுவே கண் விழிப்பார்கள் என்று எச்சரித்தார். துறைமுக அதிகாரியோ பொறியாளரோ இல்லாத, கல்லும் மண்ணும் ஆராயும் அருங்காட்சியகக் காப்பாளர் சொல்வதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. இந்தியாவில் திட்டங்களை எதிர்த்து எழுதப்பட்ட கடிதங்களின் கதி அன்றும் ஒன்றுதான்.

1858 ஏப்ரல் 7-ம் தேதி கொல்கத்தாவில் பிடிங்டன் இறந்தார். வயது 61.

துறைமுகம் எழுந்தது. டல்ஹௌசிக்கு அடுத்து வந்த கானிங் பிரபுவின் பெயரில் போர்ட் கானிங். ரயில் பாதை போட்டார்கள், கட்டடங்கள் வந்தன. 1864 அக்டோபர் 5-ம் தேதி கொல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கியது. சுமார் 60,000 பேர் பலியானார்கள் என்கிறது கணக்கு. அடுத்த ஆண்டே கொல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகி, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். கப்பல்களைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை அது. கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தக் குறை பிடிங்டனின் புத்தகத்துக்கும் பொருந்தும். அது மாலுமிகளுக்கு எழுதப்பட்டது. மீனவர்களுக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை.

போர்ட் கானிங்கை முடித்தது 1864-ன் அந்தப் பெரிய புயல் இல்லை. 1867 நவம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் வந்தது. 1864 புயலோடு ஒப்பிட்டால் சின்னது. அது எழுப்பிய அலையின் உயரம் சுமார் ஆறடி, அவ்வளவுதான். ஒரு ஆள் உயரம். அந்த ஆறடித் தண்ணீர் துறைமுகத்தைச் சிதைத்துப் போட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அந்தத் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்கலாம்.

துறைமுகம் போனாலும் ரயில் பாதை போகவில்லை. கொல்கத்தாவின் சியால்டாவிலிருந்து கிளம்பும் புறநகர் ரயில் இன்றும் கானிங் வரை ஓடுகிறது. சுந்தரவனம் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகள் பலர் அங்கேதான் இறங்கி, வண்டி மாறி, படகுத்துறைக்குப் போகிறார்கள்.